பிரேக்கில் காற்று

அமுக்குங்க என்கிறேன், அமுக்கிட்டேன் என்கிறார், ஸ்பேனரைக் கால் சுற்று திருப்புகிறேன், பிளாஸ்டிக் குழாய் வழியாகப் பழைய பிரேக் ஆயில் டிக்காஷன் நிறத்தில் இறங்கி பாட்டிலின் அடியில் சேர்கிறது, நிப்பிளை இறுக்குகிறேன், உடுங்க என்கிறேன், உட்டுட்டேன் என்கிறார். திரும்பவும் அமுக்குங்க. ஞாயிற்றுக்கிழமை, மணி ஒன்பதரை, வடவள்ளியில் எங்கள் வீட்டு போர்ட்டிகோவில் கரும்பச்சை ஜெர்மன் கார் ஒன்று பின்பக்க இடது சக்கரம் இல்லாமல் ஸ்டாண்டின் மேல் நிற்கிறது. நான் பழைய சாக்கை மடித்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்திருக்கிறேன். என் வீட்டுக்காரர் சென்னியப்பன் டிரைவர் சீட்டில் இருக்கிறார். இந்த வேலைக்கு இரண்டு ஆள் வேண்டும். இல்லாவிட்டால் அவரைக் கூப்பிட்டிருக்க மாட்டேன். ஒருவர் பெடலை மிதித்துப் பிடித்திருக்க வேண்டும், இன்னொருவர் சக்கரத்துப் பக்கம் உட்கார்ந்து, ஆயில் வெளியேறுகிற நிப்பிளைத் திறந்து மூட வேண்டும், மூடுகிற வரைக்கும் மிதித்தவர் காலை எடுக்கக் கூடாது. எடுத்தால் வெளிக்காற்றை உள்ளே இழுத்துக்கொள்ளும். உள்ளே ஒரு சின்னக் குமிழி காற்று இருந்தால் போதும், மலை இறக்கத்தில் பெடல் தரையைத் தொடும். போன தடவையே இதை அவருக்கு விளக்கிச் சொன்னேன். அப்போது அவர் தலையாட்டிய விதம் ஞாபகம் இருக்கிறது. கோவிலில் ஐயர் சொல்கிற மந்திரத்துக்குத் தலையாட்டுவாரே, அதே தலையாட்டல். பதினோரு மணிக்குச் சேலத்திலிருந்து ஒருவர் வருகிறார். இந்தக் காரை வாங்கிக்கொண்டு போக. அது எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்று அவருக்குத் தெரியாது. அமுக்குங்க என்கிறேன். அமுக்கிட்டேன் என்கிறார்.

காலையில் அவர் குளித்துக்கொண்டிருந்தபோது சாப்பாட்டு மேஜையில் இருந்த அவருடைய போன் அடித்தது. நான் எடுத்தேன். சார் இல்லீங்களா என்றது ஒரு குரல், நல்ல மரியாதையான குரல். குளிக்கிறார், நான் அவர் வீட்டுல பேசறேன் என்றேன். அம்மா, நான் சேலத்துலேர்ந்து அன்வர்தீன், கார் விஷயமா சார்கிட்ட பேசியிருந்தேன், பதினோரு மணிக்கு வந்துருவோம், கூட ஒரு லாரியும் வருது, உங்க கேட்டுக்குள்ள லாரி திரும்புமான்னு கேக்கத்தான் கூப்பிட்டேன் என்றார். திரும்பாதுங்க, ரோட்டுலயே நிறுத்திக்கணும், எதிர்த்த வீட்டு வேப்பமரத்துக்கிட்ட இடம் இருக்கும் என்றேன். இதை நினைத்தால்தான் இப்போதும் என் மேலேயே கோபம் வருகிறது. எந்தக் கார், யார் விற்கிறது, என்ன லாரி என்று ஒன்றும் கேட்காமல் என் வாய் அந்த லாரிக்கு நிற்க இடம் சொல்லிக்கொண்டிருந்தது. பிரேக்கு, சஸ்பென்ஷன் எல்லாம் எப்படி இருந்தாலும் பரவால்லம்மா என்று அவர் தொடர்ந்து சொன்னார், அவரிடமும் இதே மாடல் கார் இருக்கிறதாம், அதற்கு மாற்றாக வைத்துக்கொள்ள எஞ்சினும் கியர்பாக்ஸும் வேண்டுமாம், மிச்சத்தைப் பிரித்து வேண்டியவர்களுக்குக் கொடுத்துவிடுவாராம். சரிங்க, சொல்றேன் என்று வைத்துவிட்டேன். இட்லிப் பானையைத் திறந்தேன். ஆவி முகத்தில் அடித்தது. துண்டோடு வந்தவர், இன்னிக்கு அந்த பிரேக் வேலை இருக்குதா, மத்தியானமா வெச்சுக்கலாமா என்று கேட்டார். இல்லைங்க, இப்பவே முடிச்சரலாம் என்றேன். பதினோரு மணிக்கு முன்னால் என்று ஏன் என் மனசு கணக்குப் போட்டது? போன் வந்ததைப் பற்றி நானும் சொல்லவில்லை. அவராகச் சொல்கிறாரா பார்க்கலாம் என்று இருந்தது. இப்போது நாலு சக்கரத்தில் முதல் சக்கரம் முடியப்போகிறது.

காரின் ஆர்சி அவர் பேரில் இருக்கிறது. அதை நினைக்காமல் இருக்க முடியவில்லை, நாக்கு போய்ப் போய் உடைந்த பல்லைத் தொடுகிற மாதிரி மனசு அங்கேயே போகிறது. வாங்கியது நான். முப்பத்தோரு வருஷம் பம்ப்செட் கம்பெனியில் தர ஆய்வுப் பிரிவில் மைக்ரோமீட்டரைப் பிடித்துச் சம்பாதித்ததில் வாங்கியது. ரேஸ்கோர்ஸில் ஒரு பல் டாக்டர் வைத்திருந்தார், பதினாறு வருஷம் ஓடிய வண்டி, பெரிய ரிப்பேர்கள் வர ஆரம்பித்ததும் விலைக்குப் போட்டார். நான் என் பீலர் கேஜை எடுத்துக்கொண்டு போயிருந்தேன். பானெட்டுக்கும் சக்கரத்துக்கு மேல் வருகிற பெண்டருக்கும் நடுவில் இருக்கிற இடைவெளியை இரண்டு பக்கமும் நாலு இடத்தில் அளந்து பார்த்தேன். டாக்டர் என் வீட்டுக்காரரைப் பார்த்துச் சிரித்தார். இரண்டு பக்கமும் ஒரே அளவு. பதினாறு வருஷத்துக்கு அப்புறமும் ஒரே அளவு. என் வேலையில் நான் ஒரு நாளைக்கு நூறு தடவை கேட்ட வார்த்தை, மேடம் கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க. ஒரு நூல் கூட இருக்கும், ஒரு நூல் குறைய இருக்கும், தள்ளிவிடுங்க மேடம். எங்கேயோ முகம் தெரியாத ஒருவன் அட்ஜஸ்ட் பண்ணாமல் இந்த வண்டியைக் கடைசி வரைக்கும் செய்து அனுப்பியிருக்கிறான். அதை யாரிடம் சொல்ல? நான் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு வண்டிக்கு அடியில் துரு பார்த்துக்கொண்டிருந்தேன், மேலே புரோக்கர், சார் ஒங்க ஆதார் குடுங்க என்று கேட்கிற சத்தம் கேட்டது. முதுகில் மண்ணோடு எழுந்து வந்தபோது அவர் கையெழுத்துப் போட்டு முடித்திருந்தார். யார் பேர்ல இருந்தா என்ன, நம்ம வண்டிதான என்று சொன்னது நான்தான். அவர் ஏமாற்றி வாங்கவில்லை. நான்தான் அட்ஜஸ்ட் பண்ணிக்கொண்டேன்.

பின்பக்க வலது சக்கரம். ஜாக்கியை நகர்த்தி வைத்து, ஏற்றி, ஸ்டாண்டைக் கொடுத்து, கழற்றிய சக்கரத்தை அடியில் படுக்கப் போடுகிறேன். அவர் காருக்குள்ளிருந்து திரும்பிப் பின் கண்ணாடி வழியாகப் பார்க்கிறார். இதை மட்டும் ஒவ்வொரு தடவையும் பார்ப்பார். போன மார்ச் மாதம் ஜாக்கி நழுவியது. அன்றைக்கு ஸ்டாண்டு வைக்கும் முன்பே கையை உள்ளே விட்டது என் தப்பு. அடியில் படுக்கப் போட்டிருந்த சக்கரத்தின் மேல் வண்டி உட்கார்ந்தது, என் கைக்கும் அதற்கும் நடுவில் நாலு விரற்கடை இருந்திருக்கும். சத்தம் கேட்டு ஓடிவந்தவர் பார்த்தது வண்டிக்கு அடியில் நீட்டிக்கொண்டிருந்த என் கால்களை. நான் வெளியே வந்து சிரித்தேன். பயத்தில் வந்த சிரிப்பு அது. அவர் சிரிக்கவில்லை, உள்ளே போய் டிவி போட்டார், சத்தம் அதிகமாக வைத்தார். அன்றைக்கு அவர் கத்தியிருந்தால், இந்தக் கருமத்தை வித்துத் தொலை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நானும் கத்தியிருப்பேன், அதோடு முடிந்திருக்கும். அவர் எதையும் அந்தந்த நேரத்தில் சொல்கிற ஆள் இல்லை. எல்லாவற்றையும் உள்ளே வைத்து, அதற்கென்று ஒரு நாள் பார்த்து, வேறு ஆளிடம் சொல்வார். அமுக்குங்க. அமுக்கிட்டேன். திருப்புகிறேன். இறங்குகிறது. டிக்காஷன், டிக்காஷன், அப்புறம் மெதுவாக நிறம் மாறி, புது ஆயில் நல்லெண்ணெய் நிறத்தில் தலைகாட்டுகிறது. இந்த நிறம் மாறுகிற இடம் எனக்குப் பிடிக்கும். சொன்னால் சிரிப்பார்கள். ஐம்பத்தேழு வயசுப் பொம்பளைக்கு எதெது பிடிக்கலாம் என்று ஒரு பட்டியல் இருக்கிறது, அதில் இது இல்லை.

அப்போது அவர் போன் அடிக்கிறது. சட்டைப் பையில். அமுக்கியே வெச்சிருங்க என்று சொல்லி வாய் மூடவில்லை, குழாயில் வந்துகொண்டிருந்த ஆயில் நின்று, ஒரு விரற்கடை பின்னால் போய், குமிழியாக உள்ளே ஏறுகிறது. என் கண்ணால் பார்க்கிறேன். அவர் குரல் தணிந்து கேட்கிறது, ஆமாங்க, சரிங்க, வடவள்ளிங்க, பஸ் ஸ்டாண்டு தாண்டி. நான் நிப்பிளை மூடிவிட்டுக் காத்திருக்கிறேன். கால எடுத்தீங்களா என்று கேட்கிறேன். இல்லையே, அப்படியேதான் புடிச்சிருக்கேன் என்கிறார். யாரு போன்ல? கொரியர்காரன், வழி கேக்கறான். இரண்டு பொய்யும் ஒரே குரலில், ஒரே நிதானத்தில் வருகிறது. எனக்குக் கோபம் கூட முதலில் வரவில்லை. முப்பத்திரண்டு வருஷமாக இவருடைய எத்தனை பதில்கள் இந்தக் குரலில் வந்திருக்கும் என்று யோசனை ஓடுகிறது. அம்மாவுக்கு உடம்பு பரவாயில்லையாம் என்று சொன்னது இந்தக் குரல்தானே, ஊருக்கு நான் போய்ச் சேர்ந்தபோது என் அம்மாவை ஐஸ் பெட்டியில் வைத்திருந்தார்கள். பதறுவேனென்று சொல்லவில்லையாம். அது அன்பாம். அன்பும் பொய்யும் ஒரே குரலில் வந்தால் நான் எதை வைத்துப் பிரித்துப் பார்ப்பது, இதற்கு ஒரு கேஜ் உண்டா? சரி, இந்தச் சக்கரத்தை மறுபடி முதல்லேர்ந்து எடுக்கணும், காத்து உள்ள போயிருச்சு என்கிறேன். நாந்தான் எடுக்கலைன்னு சொல்றனே என்கிறார். காத்துப் போயிருச்சுங்க என்று மட்டும் சொல்கிறேன். அமுக்குங்க.

எனக்குச் சொல்லாமல் இவர் விற்பது வெட்கத்திலா பயத்திலா என்று நான் கேட்டுக்கொண்டே இருக்கிறேன். பயம் என்றால் மன்னித்துவிடலாம் போல இருக்கிறது, ஆனால் பெருந்துறை ஞாபகத்துக்கு வருகிறது. அவருடைய சித்தப்பா பேத்தியின் நிச்சயதார்த்தம், மண்டபத்து வாசலில் கார் நின்றுவிட்டது. கூலண்ட் போகிற பிளாஸ்டிக் குழாய் ஒன்று விட்டுப்போயிருந்தது, நம் ஊர் வெயிலில் இந்த வண்டிகளுக்கு அடிக்கடி வருகிற சீக்குதான். நான் பட்டுச் சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு பானெட்டைத் திறந்தேன். ஒரம்பரைக்காரர்கள், சொந்தபந்தம் எல்லாரும் சுற்றி நின்றுகொண்டார்கள். அவருடைய மச்சான் முறைக்காரர் ஒருவர், என்ன மாப்ள, சம்பளமில்லாத டிரைவரா என்று கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். நான் நிமிர்ந்து பார்த்தேன். என் வீட்டுக்காரர் ஜூஸ் கொடுக்கிற இடத்தில் டம்ளரோடு நின்று, அவரும் சிரித்துக்கொண்டிருந்தார். குழாயைக் கிளாம்ப் போட்டுக் கட்டி, தண்ணீர் ஊற்றி, வண்டி கிளம்பி, நாங்கள் ஊர் வந்து சேர்ந்தோம். வழியில் அவர் நல்லாத் தூங்கினார். மெக்கானிக் சுந்தர்ராஜும் அப்படித்தான். ஆவாரம்பாளையத்தில் அவருடைய பட்டறைக்கு நான் போய், முன்பக்கம் கீழே இருக்கிற ரப்பர் புஷ் போயிருக்கு, வளைவுல சத்தம் வருது என்று சொன்னால், என்னைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு என் வீட்டுக்காரருக்குப் போன் போட்டு, சார் வண்டியில என்ன சத்தம் என்று கேட்பார். அதற்கப்புறம்தான் நானே செய்யக் கற்றுக்கொண்டேன். இந்த மாடல் வைத்திருப்பவர்களுடைய வாட்ஸப் குழு ஒன்று இருக்கிறது, அதில் என்னை எல்லாரும் ப்ரோ என்று கூப்பிடுகிறார்கள். கே.வாணி என்று என் பேர் இருக்கிறது, கோகிலவாணி என்று யாருக்கும் தெரியாது. நானும் திருத்தவில்லை. அங்கே நான் சொன்னால் கேட்கிறார்கள்.

முன்பக்க இடது சக்கரம். மணி பத்தரை தாண்டிவிட்டது. கேட்டுவிடலாம் என்று தோன்றுகிறது, வேண்டாம் என்றும் தோன்றுகிறது. வெயில் போர்ட்டிகோவின் பாதி வரைக்கும் வந்துவிட்டது. ஏனுங்க, இன்னிக்கு நம்ம வீட்டுக்கு யாராச்சும் வர்றாங்களா என்று கேட்கிறேன். குனிந்த தலையை நிமிர்த்தாமல், ரொம்பச் சாதாரணமாக. உள்ளே சீட் நகர்கிற சத்தம். பதில் வருவதற்குள் நான் என்னென்னவோ நினைக்கிறேன். சொல்லிவிடுவார், சொன்னால் நான் அழமாட்டேன், உட்கார்ந்து பேசலாம், வேறு ஆளுக்கு, ஓட்டுகிறவருக்குக் கொடுக்கலாம், திருச்சூரில் ஒருவர் குழுவில் கேட்டுக்கொண்டே இருக்கிறார், அல்லது வாரத்துக்கு ஒரு நாள்தான் தொடுவேன் என்று சொல்லலாம், இனி வண்டிக்கு அடியில் கையே விடமாட்டேன் என்று சத்தியம் பண்ணலாம். பண்ணுவேனா? யாரு வரப்போறாங்க என்கிறார். அதே குரல். அப்புறம், ஏன் கேக்கற என்கிறார். சும்மாதான் என்கிறேன். ஸ்பேனர் வியர்வையில் வழுக்குகிறது.

எதற்காக இதை இன்னும் செய்துகொண்டிருக்கிறேன்? பிரித்துப் போடப்போகிற வண்டிக்கு யாராவது பிரேக்கில் காற்று எடுப்பார்களா? எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு போகலாம். ஆனால் மூன்று சக்கரம் முடித்து ஒரு சக்கரத்தை விட்டால் எனக்கு உடம்பெல்லாம் அரிக்கும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் உக்கடத்தில் பழைய இரும்புக் கடைகளுக்குப் பின்னால் இதே மாடல் ஒன்று கிடந்தது, முன்பக்கம் நசுங்கி, கண்ணாடியெல்லாம் போய். எனக்குக் கூலண்ட் டேங்க் தேவைப்பட்டது, எங்கேயும் கிடைக்கவில்லை. அந்த வண்டியில் அது கீறல் இல்லாமல் இருந்தது. நானே ஸ்க்ரூ டிரைவர் போட்டுக் கழற்றினேன். கதவுப் பையில் ஒரு சின்னப் பிள்ளையின் ரோஸ் நிறக் கிளிப் கிடந்தது. அதை எடுத்துப் பார்த்துவிட்டு அங்கேயே போட்டேன், டேங்க்கை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் வீட்டுக்கு வந்தேன், வழியெல்லாம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அந்த வண்டியில் இருந்தவர்கள் என்ன ஆனார்கள் என்று கடைக்காரரிடம் கேட்கக்கூட இல்லை. அந்தச் சேலத்துக்காரருக்கும் இன்றைக்குச் சந்தோஷமாகத்தான் இருக்கும். அவரைத் திட்ட எனக்கு என்ன இருக்கிறது.

கடைசிச் சக்கரம். முன்பக்க வலது. இங்கே உட்கார்ந்தால் திறந்திருக்கிற டிரைவர் கதவு வழியாக அவருடைய கால் எனக்குத் தெரிகிறது. செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு வெறுங்காலால் மிதிக்கிறார். குதிகாலில் வெடிப்பு. களிம்பு வாங்கிக் கொடுத்தேன், போடுவதில்லை. அமுக்கும்போது அந்தக் கால் நடுங்குகிறது, ஒன்றரை மணி நேரமாக மிதித்துக்கொண்டிருக்கிறார், அறுபத்தொரு வயசு. எனக்கு இரக்கம் வருகிறது, அது வருவது பிடிக்கவில்லை. அமுக்குங்க என்கிறேன். அப்போது வெளியே லாரி வந்து நிற்கிற சத்தம். அதற்குப் பின்னால் ஒரு கார், அந்த எஞ்சின் சத்தம் எனக்குத் தெரியும், தூக்கத்தில் கேட்டாலும் தெரியும், என் வண்டியின் சத்தமேதான். கேட் மணி அடிக்கிறது. யாரோ வந்திருக்காங்க கோகிலா என்கிறார். கால எடுக்காதீங்க என்கிறேன். ஆயில் நல்லெண்ணெய் நிறத்தில், ஒரு குமிழி கூட இல்லாமல் இறங்குகிறது. மூடுகிறேன். இன்னொரு தடவை என்கிறேன், தேவையில்லாமல். மணி மறுபடி அடிக்கிறது. கோகிலா, நான் ஒண்ணு சொல்லணும் என்கிறார். மொதல்ல அமுக்குங்க என்கிறேன்.

நான்தான் போய்க் கேட்டைத் திறந்தேன். வந்தவருக்கு நாற்பது வயசு இருக்கும், கட்டம் போட்ட சட்டை, கண்ணாடி. சார் இல்லீங்களா என்றார். சார் வண்டிக்குள்ள இருக்கார், வாங்க என்றேன். அவர் எங்களை விட்டுவிட்டு நேராக வண்டியைத்தான் பார்த்தார். சக்கரம் இல்லாத இடத்தில் குனிந்து, குழாயையும் பாட்டிலையும் பார்த்து, ஏர் எடுக்கறீங்களா, எதுக்கும்மா என்று ரொம்பத் தன்மையாகக் கேட்டார். நான் பாட்டிலை மூடி ஓரமாக வைத்தேன். என் வீட்டுக்காரர் ஒரு காலில் செருப்போடும் ஒரு காலில் செருப்பு இல்லாமலும் இறங்கி வந்தார். இவரு வண்டி பாக்கறதுக்கு வந்திருக்கார், ஒங்கிட்டச் சொல்லலாம்னுதான் இருந்தேன் என்று ஆரம்பித்தார். காலைலயே எங்கிட்டப் பேசிட்டார் என்றேன். என் வீட்டுக்காரர் முகம் அப்போது போன போக்கை நான் நிறைய நாள் நினைத்துப் பார்க்கப்போகிறேன். அன்வர்தீன் பானெட்டைத் திறந்து பார்த்து, எஞ்சின் ரொம்பச் சுத்தம்மா, நான் பிரிச்ச வண்டிகள்ல இவ்வளவு சுத்தம் பாத்ததில்ல என்றார். பிரிக்கறதா என்று கேட்டார் என் வீட்டுக்காரர். ஓட்டறதுக்குத்தான வாங்கறீங்க? சார், போன்லயே சொன்னனே என்றார் அன்வர்தீன். சொல்லியிருப்பார். இவர் காதில் விழுந்திருக்காது. விற்றுப்போகிறது என்கிற வரைக்கும்தான் கேட்டிருப்பார்.

அப்புறம் என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்துத் திரும்பினார்.

"கோகிலா, ஒனக்கு இஷ்டமில்லைன்னா இப்பவே சொல்லிரு. வேண்டாம்னு சொல்லிரலாம். நான் பேசிக்கறேன்."

அவர் கண்ணில் ஒரு கெஞ்சல் இருந்தது. எனக்கு அது புரிய ஒரு நொடி ஆயிற்று. நான் வேண்டாம் என்று சொல்ல வேண்டும், அதுதான் அவருக்கு வேண்டும். நான் சொன்னால் வண்டி நிற்கும், அவர் மேல் பழி இருக்காது, அடுத்த விசேஷத்தில் ஜூஸ் டம்ளரோடு நின்று, விக்கத்தான் பாத்தேன், இவ உடமாட்டேங்கறா, என்ன பண்றது என்று சொல்லலாம், எல்லாரும் சிரிக்கலாம். வண்டியும் எனக்கு இருக்கும். வாயைத் திறந்து ஒரு வார்த்தை. அன்வர்தீன் மரியாதைக்கு நாலு அடி தள்ளிப்போய் வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"மார்ச் மாசத்துலேர்ந்து எனக்குத் தூக்கமில்ல கோகிலா. கண்ண மூடுனா ஒன் காலு ரெண்டும்தான் தெரியுது" என்றார், தணிந்த குரலில். அந்தக் குரல் எனக்குத் தெரிந்த குரல் இல்லை. அது நிஜமாக இருக்கலாம்.

"அத எங்கிட்டயே சொல்லியிருக்கலாமுல்லங்க."

"சொன்னாக் கேட்டிருப்பியா?"

கேட்டிருக்க மாட்டேன். அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும், அதனாலேயே எனக்கு இன்னும் ஆத்திரம் வந்தது. நான் கேட்டிருக்க மாட்டேன் என்பதற்காக எனக்குத் தெரியாமல் செய்யலாமா? செய்துவிட்டு, கடைசிப் படியில் வந்து, என் வாயால் ஒரு வார்த்தை கேட்பதா? பயமும் நிஜம், வெட்கமும் நிஜம், பொய்யும் நிஜம், எல்லாவற்றையும் ஒரே ஆளிடம் பார்த்துப் பார்த்து எனக்குச் சலித்துப்போயிருந்தது. வேண்டாம் என்ற வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அதைக் கொடுக்க மனசு வரவில்லை. எடுத்துட்டுப் போகட்டும் என்றேன். சத்தமாக, அன்வர்தீனுக்குக் கேட்கிற மாதிரி. என் வீட்டுக்காரர் அடி வாங்கியவர் மாதிரி நின்றார். ஒரு மூச்சு விடுகிற நேரம் எனக்கு நன்றாக இருந்தது. அவ்வளவு நேரம்தான். அடுத்த மூச்சில், அய்யோ, என்ன செய்துவிட்டேன் என்று ஆகிவிட்டது. அப்போதும் திருப்பிச் சொல்லியிருக்கலாம். அவர் ஒரு வார்த்தை சொல்வார் என்று பார்த்தேன். நான் சொல்வேன் என்று அவர் பார்த்தார். அன்வர்தீன் பேப்பரைக் கார் பானெட்டின் மேல் விரித்தார். என் வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்டார். பேனா ஓர் இடத்தில் நின்று, மறுபடி போட்டார்.

நான் சக்கரத்தை மாட்டினேன். டார்க் ரெஞ்ச் எடுத்து வந்து, ஐந்து போல்ட்டையும் எதிரெதிராக, நூற்றிருபதில் வைத்து, கிளிக் என்கிற வரைக்கும் இறுக்கினேன். சேலம் போனதும் கழற்றப்போகிற போல்ட்டுகள். அன்வர்தீன் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார், அவசரப்படுத்தவில்லை. அவரும் இந்தப் பைத்தியம் பிடித்தவர்தான், அவருக்குத் தெரிந்திருக்கும். லாரி டிரைவர் வண்டியை இழுத்து ஏற்றுகிற வின்ச் கயிற்றை எடுத்தபோது அன்வர்தீன் தடுத்து, அம்மாவே ஏத்தட்டும் என்றார். ஏறி உட்கார்ந்தேன். சீட்டில் இன்னும் என் வீட்டுக்காரருடைய சூடு இருந்தது. ஸ்டார்ட் பண்ணினேன், முதல் சாவிக்கே எடுத்தது. கேட்டைத் தாண்டி, ரோட்டில் வளைத்து, லாரிப் பலகையின் மேல் நேராக ஏற்றி, முன் சக்கரம் தடுப்புக்கு ஒரு ஜாண் முன்னால் இருக்கும்போது பிரேக்கில் கால் வைத்தேன். பெடல் ஒரு அங்குலம் இறங்கிக் கல்லாக நின்றது. வண்டி குலுங்காமல் நின்றது. இப்படி ஒரு பிரேக் இந்த வண்டிக்கு அது புதுசாக வந்த அன்றைக்கு இருந்திருக்கும். எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கினேன், லாரி மேலே நின்றபடி சாவியை அன்வர்தீனிடம் கொடுத்தேன். என் வண்டிக்கு இன்னும் பத்து வருஷத்துக்குக் கவலையில்லம்மா என்றார் அவர், மனசு நிறைந்து. லாரி திரும்பி மெயின் ரோட்டுக்குப் போகிற வரைக்கும் நான் பார்க்கவில்லை. சத்தம் மட்டும் கேட்டது.

சமையல்கட்டுக்குப் போய்க் கையைச் சோப்புப் பவுடரில் தேய்த்துக் கழுவினேன். உள்ளங்கை வெளுத்துவிட்டது, நகக்கண்ணில் கறுப்பு நின்றது. பழைய பிரஷ்ஷை எடுத்துத் தேய்த்தேன். அடுத்த வாரம் கிளச் ஆயிலையும் பார்த்துவிட வேண்டும் என்று மனசு தன்பாட்டுக்கு ஓடி, சுவரில் முட்டி நின்றது. ஹாலில் அவர் ஓசூரில் இருக்கிற மகன் கௌசிக்கோடு போனில் பேசிக்கொண்டிருந்தார். முதலில் அவன் ஏதோ சத்தம் போட்டிருப்பான் போல, இவர் இல்லப்பா, இல்லப்பா என்று சொல்லிக்கொண்டிருந்தார். அப்புறம் குரல் நிதானத்துக்கு வந்தது. வழக்கமான குரல்.

"நானெங்கே சொன்னேன்? நான் வேண்டாம்னு சொல்லிரலாம்னுதான் சொன்னேன். அம்மாவேதான் எடுத்துட்டுப் போகட்டும்னா. வேணும்னா அம்மாவையே கேளு."

போனை எடுத்துக்கொண்டு சமையல்கட்டு வாசலுக்கு வந்தார். என் பக்கம் நீட்டினார். கை ஈரமா இருக்குதுங்க என்றேன். அவர் போனை என் காதருகே பிடித்துக்கொண்டார். அம்மா, அப்பா சொல்றது நெசமாம்மா என்று கேட்டான் கௌசிக். தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. குழாயை மூடினேன். அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

ஆமாம்ப்பா, நெசந்தான் என்றேன்.